ஓடுபாதையில் நடந்த புல்லுக்கட்டு

எழில்மதி விமானம் ஓட்டுகிறவள் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பாதிப்பேர் அவளைப் பைலட் என்கிறார்கள், மீதிப்பேர் ஏர்ஹோஸ்டஸ் என்கிறார்கள். ரெண்டும் தப்பு. அவள் விமான நிலையத்து டவரில் உட்காருகிறவள். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த உயரமான அறை அது. எந்த விமானம் இறங்கலாம், எது சுற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும், ஓடுபாதைக்குள் எந்த வண்டி நுழையலாம் என்பதை ரேடியோவில் சொல்வது அவள் வேலை. அவள் சரி என்று சொல்லாமல் ஒரு சைக்கிள்கூட அந்தத் தார்ச்சாலையைக் கடக்கக் கூடாது. எந்த ஊர் நிலையம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே வேலை பார்க்கிற நாலு பேருக்கு வீண் தொல்லை.

அவள் அப்பா சின்னக்கண்ணு கரும்பு வெட்டுகிறவர். எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவர். மறியலில் என்னோடு போலீஸ் வேனில் ஏறியவர். அம்மா ஆயம்மாள் நடவு, களை, அறுவடை என்று கூப்பிட்ட காட்டுக்குப் போகிறவள். கச்சிராயபாளையம் போகிற வழியில், காலனியில் வீடு. கஷ்டப்பட்டுப் படித்த கதையை உருக்கமாக எழுத எனக்கு வராது. அவளுக்குக் கணக்கு வந்தது, படித்தாள். அரசுக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். டவர் வேலைக்கான பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டாள், மறுதடவை பிடித்தாள். வடக்கே போய்ப் பயிற்சி எடுத்தாள். வேலை கிடைத்ததும் முதல் காரியமாக அப்பாவின் கரும்புக் கத்தியைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டாள். அவர் மறுவாரமே புதுக் கத்தி வாங்கி வந்துவிட்டார்.

“சும்மா குந்திக்கினு இருக்க நான் இன்னா சாமியாரா?” என்று கேட்டார்.

மகளும் அதே ரகம்தான். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. குரலும் அப்பா குரல், முழக்கம் போடுகிற குரல். அந்தக் குரலை டவரில் எப்படி அடக்கி வைக்கிறாள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ரேடியோவில் அவள் பேசுவதை ஒரு முறை போனில் போட்டுக் காட்டினாள். வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. வேகமும் கிடையாது, கோபமும் கிடையாது. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது.

போன வருஷம் மழை முடிந்த சமயம் நடந்தது இது.

மழைக்குப் பிறகு ஓடுபாதை ஓரத்தில் புல் முழங்காலுக்கு வளர்ந்துவிடும். புல் வளர்ந்தால் பூச்சி வரும். பூச்சி தின்னப் பறவை வரும். பறவை இன்ஜினுக்குள் போனால் விமானத்துக்கு ஆபத்து. அதனால் புல் வெட்டுவதும் அங்கே பாதுகாப்பு வேலைதான். பெரும்பகுதியை மெஷின் வெட்டிவிடும். விளக்குகள் நட்டிருக்கும் இடங்களில் மெஷின் போகாது, அங்கே ஆள் குனிந்து அரிவாளால் அறுக்க வேண்டும். கான்ட்ராக்டர் அதற்கு ஆள் பிடித்தது நம்ம கல்வராயன் மலையில், வெள்ளிமலை பக்கம். பதினோரு பெண்கள். நிலையத்து மதிலுக்கு வெளியே தகரக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள்.

விமானம் இல்லாத இடைவெளி பார்த்து டவர் இவர்களை உள்ளே விடும். ரேடியோ வைத்த ஜீப் முன்னால் போகும், பெண்கள் ஏறிய டிராக்டர் பின்னால் போகும். அவர்கள் ஓடுபாதையில் இருக்கிற வரைக்கும் டவர் மேசையில் ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். அந்தப் பட்டை இருந்தால் எவனுக்கும் இறங்க அனுமதி கிடையாது. ஜீப் டிரைவர் வெளியே வந்ததும் ரேடியோவில் “ரன்வே வெக்கேட்டட்” என்பார், அதாவது ஓடுபாதையைக் காலி செய்தாச்சு என்று. டவரில் பட்டையை எடுப்பார்கள்.

அன்று காலை ஜீப்பில் இருந்தது கலையரசன். ஒழுங்கான டிரைவர். கண்ணாடியில் பார்த்தார், டிராக்டர் பின்னால் வந்துவிட்டது. காலி என்று சொன்னார். எழில்மதி உடனே பட்டையை எடுக்கவில்லை. பைனாகுலரை எடுத்து ஓடுபாதையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள். தார் மட்டும் தெரிந்தது. பட்டையை எடுத்தாள். வந்துகொண்டிருந்த விமானத்தை இறங்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு புல் நடந்தது.

அவள் என்னிடம் அப்படித்தான் சொன்னாள். தூரத்தில், எதிர்ப்பக்க ஓரத்தில், புல்லோடு புல்லாக ஒரு பச்சைக்கட்டு எழுந்தது. அதற்குக் கீழே ரெண்டு கால். கட்டு ஓடுபாதைக்குள் ஏறி, குறுக்கே, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. விமானம் சக்கரத்தை இறக்கிவிட்டு மதிலைத் தாண்டுகிற நேரம்.

“கோ அரவுண்ட்” என்றாள் எழில்மதி. இறங்காதே, மேலே தூக்கிச் சுற்றி வா என்று அர்த்தம். விமானம் இரைச்சலோடு மேலே ஏறியது. புல்லுக்கட்டு அண்ணாந்து பார்த்தது. பிறகு ஓடியது. விமானம் ஒரு சுற்று சுற்றி வந்து நல்லபடியாக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் கிடையாது.

மதியம் எனக்குப் போன் வந்தது.

“மாமா, நாயின்னு எழுதச் சொல்றாங்க.”

“எந்த நாயி?”

“இல்லாத நாயி.”

விஷயத்தைச் சொன்னாள். விமானம் இறங்காமல் போனால் ஏன் என்று எழுதித் தர வேண்டும். பைலட் கண்ணுக்கு ஏதோ அசைவது தெரிந்தது, ஆள் என்று தெரியவில்லை. டவரில் கூட இருந்த மூத்தவர் ஒருவர், நல்ல மனுஷன்தான், இவளுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்: ‘நாயின்னு போடும்மா. நாய்க்கு யாரு விசாரணை வெக்கப் போறான்?’

நான் என் கட்சியைச் சொன்னேன்.

“எழுதாத. வாய்ல சொல்லு, கையெழுத்து மட்டும் போட்டுடாத. கையெழுத்து போட்டவன்தான் மாட்டுவான். எங்க பசங்களுக்கு நான் காலம் பூரா சொன்னது அதான்.”

“நாயின்னு எழுதினா நாய் புடிக்கிற வண்டி வரும் மாமா. வேலில ஓட்டைய அடைப்பாங்க. நாளைக்கு அதே எடத்துல இன்னொரு பொம்பள நிப்பா.”

“உன் தலையில வந்து வுழுந்தா?”

“எறங்குன்னு சொன்னது நான்தானே. எம் பேரதான் மொதல்ல எழுதியிருக்கேன்.”

“எழுதிட்டியா?”

“எழுதிக் குடுத்துட்டுதான் போன் பண்றேன்.”

“அப்பறம் என்ன எதுக்குடி கேக்கற?”

“கேக்கல மாமா. சொன்னேன்.”

வைத்துவிட்டாள்.

விசாரணை முடிகிற வரைக்கும் அவளை டவரில் உட்கார வேண்டாம் என்றார்கள். அது வழக்கம்தான், தண்டனை இல்லை. ஆனால் விசாரணை வேறு மாதிரி முடிந்தால் அவளுடைய ரேட்டிங் போய்விடும். அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்து விமானத்துக்கு உத்தரவு சொல்கிற தகுதிக்குத்தான் ரேட்டிங் என்று பேர். அது போனால் மறுபடியும் பழகுகிறவளாக இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் வேறு மேசை.

அவளுக்கு அதைவிடப் பெரிய அடி அன்று சாயந்திரமே விழுந்தது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வெற்றிவேல், புல்லுக்கட்டு தூக்கிய பெண்ணை மூட்டை முடிச்சோடு ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார். பாதுகாப்புப் பிரிவு அதிகாரி வெங்கடேசன் அந்தப் பெண்ணை விசாரிக்கக் கேட்டபோது, பயந்து ஓடிவிட்டாள், போன் நம்பர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஏற்றியதை எழில்மதிக்குச் சொன்னது கலையரசன்.

மறுநாள் எழில்மதி உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி கள்ளக்குறிச்சி வந்து, நேராக என் வீட்டு வாசலில் நின்றாள்.

“பாத்தியா?” என்றேன். “நீ எழுதின, உனக்கு விசாரணை. அவளுக்கு பஸ் டிக்கெட்டு. எங்கியும் இதான் நடக்கும்.”

“சொல்லிக் காட்றதுக்கு இன்னொரு நாள் வெச்சிக்கலாம் மாமா. இப்ப மலைக்கு வர்றீங்களா, இல்லியா? அவங்க பேரு பெரியம்மாள். வெள்ளிமலைக்கு அந்தாண்ட. அவ்ளோதான் தெரியும்.”

மலையில் எனக்கு ஆள் பழக்கம் உண்டு. போனேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் எங்களுக்கு டிரைவருக்குப் பின்சீட்டு கிடைத்தது. வளைவுக்கு வளைவு அவர் ஹாரன் அடித்தார். அடித்துவிட்டு, எதிரே ஹாரன் சத்தம் வருகிறதா என்று ஒரு நொடி காது கொடுத்துவிட்டுத்தான் திருப்பினார்.

“எங்க வேலையும் இதான்,” என்றாள் எழில்மதி. “நம்ம சொன்னா மட்டும் போதாது. அந்தப் பக்கத்துலருந்து இன்னா வருதுன்னு கேக்கணும்.”

“அன்னிக்குக் கேட்ட இல்ல?”

“கேட்டேன். கலையரசனும் சரியாத்தான் சொன்னாரு. ரெண்டு வண்டியும் வெளிய வந்துடிச்சி. அதான் மாமா என் மண்டைய கொடையுது. யாருமே பொய் சொல்லல.”

பெரியம்மாள் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது தாண்டிய, காய்ந்த மிளகாய் மாதிரி ஒரு பெண். நிமிராமலே கேட்டாள்.

“யாரு?”

“டவர்லருந்து வரேங்க. அன்னிக்கு பிளேன மேல தூக்கச் சொன்னது நான்தான்.”

இப்போது நிமிர்ந்தாள். எழில்மதியை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீயா? நான் எவனோ மீசக்காரன் குந்திக்கினு இருப்பான்னு நெனச்சேன்.” பார்வை என்மேல் திரும்பியது. “இவரு யாரு, போலீசா?”

“சங்கத்துக்காரரு.”

“அதுக்கு போலீசே தேவலாம்.”

வரப்பில் உட்கார்ந்தோம். எழில்மதி குற்றம் விசாரிக்கிற மாதிரி கேட்கவில்லை. அன்றைக்கு என்ன பார்த்தாள், எங்கே தவறவிட்டாள் என்று முதலில் தன் பக்கத்தைச் சொன்னாள். பைனாகுலரில் பார்த்தும் நீங்கள் எனக்குத் தெரியவில்லை என்றாள்.

“எப்பிடித் தெரியும்? குனிஞ்சி கட்டு கட்டிக்கினு இருந்தேன்.”

“டிராக்டர் கெளம்பினப்பறம் ஏங்க எறங்கினீங்க?”

“புல்லுக்குத்தான். கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு அம்மா மாடு வெச்சிருக்கு. ஒரு கட்டு புல்லு போட்டா ஒரு சொம்பு பாலு குடுக்கும். பதினோரு பேருக்கும் அதுலதான் டீ. தெனமும் ரெண்டாவது தபா உள்ள போறப்போ கட்ட தூக்கி வண்டில போட்டுக்குவோம். அன்னிக்கி ரெண்டாவது தபா கெடையாதுன்னுட்டாங்க. வண்டி நவுருது. டீ போச்சேன்னு குதிச்சிட்டேன்.”

“மத்தவங்க பாக்கலியா?”

“பாக்காம இன்னா? சீக்கிரம் வந்து சேருன்னு கத்தினாளுங்க.”

“சூப்பர்வைசருக்கு இந்தப் புல்லு விஷயம் தெரியுமா?”

பெரியம்மாள் சிரித்தாள். “மொத டம்ளரு அவருக்குத்தான். ஜீப்புத் தம்பியும் சமயத்துல குடிக்கும்.”

எழில்மதியும் சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். டிராக்டரில் இருந்த அத்தனை பேருக்கும் ஓர் ஆள் உள்ளே நிற்பது தெரியும். டவருக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் டவர் கேட்பது வண்டியைத்தான். ஆளைக் கேட்டதே இல்லை. விதி எழுதினவர்கள் ஓடுபாதைக்குள் போகிற எல்லாவற்றுக்கும் சக்கரம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். இதை நான் நோட்டீஸ் எழுதுகிற பழக்கத்தில் சொல்லவில்லை, அவர்களே பிற்பாடு ஒப்புக்கொண்டது.

“உங்கள மறுபடியும் வேலைக்கி வெச்சிக்க சொல்லிக் கேக்கறேங்க,” என்றாள் எழில்மதி.

“நீ யாரு அதச் சொல்றதுக்கு? உன்னியே குந்த வெச்சிருக்காங்கன்னு சொல்ற.”

நியாயமான கேள்வி. எழில்மதி போனைக் கையில் எடுத்தாள். “வாங்க, சிக்னல் இருக்கற எடத்துக்குப் போலாம்,” என்றாள்.

வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காக வந்தது. வெங்கடேசனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். புல், பால், டீ, எல்லாவற்றையும் பெரியம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் சொன்னார்:

“ரொம்ப நன்றிம்மா. இது எங்களுக்கு ரொம்ப முக்கியம்.”

“வேலைங்க ஐயா?”

“அது கான்ட்ராக்டர் விஷயம்மா. நாங்க அதுல தலையிட முடியாது.”

எழில்மதி போனைத் தன் பக்கம் இழுத்தாள். டவர் குரல் வந்தது. மெதுவாக, தனித்தனி வார்த்தையாக.

“சார், தெரியாம நடந்த தப்ப தானா வந்து சொன்னா தண்டன கெடையாதுன்னு நீங்கதான் கிளாஸ் எடுத்தீங்க.”

“ஆமா. உங்க கேஸ்ல அதத்தான் பண்ணப் போறோம்.”

“அது எனக்கு மட்டுமா சார்? நான் உத்தியோகம்ன்றதால எனக்கு ஒரு சட்டம், இவங்க கூலின்றதால இவங்களுக்கு ஒரு சட்டமா?”

“எழில்மதி, கோவத்துல பேசாதீங்க.”

“கோவம் இல்ல சார். இவங்கள அனுப்பினது அனுப்பினதுதான்னா, என் ரேட்டிங்கையும் எடுத்துடுங்க. ஒரே தப்புல ரெண்டு பேரும் இருக்கோம். இன்னொன்னும் யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு வேற ஒருத்தி உள்ள மாட்டிக்கினா, டிராக்டர்ல இருக்கற பத்து பேரும் வாய மூடிக்குவாங்க. டீ குடிச்சவரு மொதல்ல மூடிக்குவாரு. உங்களுக்கு யாரு வந்து சொல்லுவா?”

லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“இத அப்பிடியே எழுதிக் குடுங்க,” என்றார் வெங்கடேசன். “ரேட்டிங்க எடுக்கச் சொல்ற வரிய வுட்டுட்டு.”

“அதுவும் இருக்கும் சார்.”

அவர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. “பெரியம்மா, விசாரணைக்கு வந்து இதையே சொல்வீங்களா?”

“வேலை குடுத்தா வரேன். வேலையில்லாதவ எதுக்கு அம்மாந்தூரம் வாந்தி எடுத்துக்கினு பஸ்ல வரணும்?”

வெங்கடேசன் சிரித்துவிட்டார். ஓர் அதிகாரி சிரித்தால் பாதி கதவு திறந்த மாதிரி. இது என் அனுபவம்.

எழில்மதி அந்த வரியோடுதான் எழுதிக் கொடுத்தாள். சின்னக்கண்ணு விஷயம் கேள்விப்பட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். “இன்னா கத்துக் குடுத்த எம் பொண்ணுக்கு? இருக்கற வேலைய எடுத்துக்கோன்னு எவனாச்சும் எழுதுவானா?” நான் எதுவும் கற்றுக் கொடுக்கவில்லை என்றேன். நம்பவில்லை. வேலை நிறுத்தத்தில் கரும்பு ஆலை வாசலில் நீ படுத்துக் கிடந்தாயே, அதற்கு யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டேன். முனகிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணைக்கு நான் போகவில்லை, என்னை யாரும் கூப்பிடவில்லை. எழில்மதி சொன்னதுதான். மேசையைச் சுற்றி ஆறேழு பேர். பெரியம்மாள் வந்திருந்தாள். வெற்றிவேல் முதலில், அப்படி ஒரு புல்லுக்கட்டையே பார்த்ததில்லை, டீ பற்றி எதுவும் தெரியாது என்று சாதித்தார்.

பெரியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்து, “அப்ப தெனமும் சக்கர ஜாஸ்தின்னு திட்டினது யாருங்க?” என்றாள்.

“எனக்கு சுகர் இருக்குது, அதனால கம்மியா போடச் சொன்னேன்,” என்றார் வெற்றிவேல். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. மேசையே சிரித்தது. அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அதற்குப் பிறகு பேச்சு உண்மையாக நடந்தது. கலையரசன், தானும் டீ குடித்ததாகவும், ஆள் எண்ணும்படி யாரும் சொன்னதில்லை, தனக்கும் தோன்றவில்லை என்றும் சொன்னார்.

முடிவு இதுதான். இனிமேல் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஜீப் டிரைவர் வண்டியோடு ஆளையும் எண்ணி ரேடியோவில் சொல்ல வேண்டும். எண்ணிக்கை ஒத்து வராமல் டவரில் சிவப்புப் பட்டை நகரக் கூடாது. புல்லைத் திருட்டுத்தனமாகக் கட்ட வேண்டியதில்லை, போகிற நடையிலேயே டிராக்டரில் போட்டுக்கொள்ளலாம். விசாரணையில் உண்மை சொன்ன எந்தக் கூலியாளையும் கான்ட்ராக்டர் அதற்காக நிறுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள். அந்த ஒரு வரிக்காக நாங்கள் எத்தனை ஊரில் எத்தனை நோட்டீஸ் அடித்திருக்கிறோம்! எந்த கான்ட்ராக்டரும் படித்துக்கூடப் பார்த்ததில்லை. இந்தப் பெண் ஒரு போன் பேசி வாங்கிவிட்டாள். பேசியதோடு தன் நாற்காலியையும் மேசைமேல் வைத்தாள், அதனால் கிடைத்தது.

பெரியம்மாள் வேலைக்குத் திரும்பினாள். எழில்மதியைத் தேர்வாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார், ரேட்டிங் அப்படியே இருக்கட்டும் என்றார்.

திரும்ப உட்கார்ந்த முதல் நாளே புல் வெட்டு இருந்தது. ஒரு விமானம் இறங்கக் கேட்டுக்கொண்டு வந்தது. மேசையில் சிவப்புப் பட்டை. கலையரசன் குரல் வந்தது.

“டவர், ஜீப் ஒன்னு, டிராக்டர் ஒன்னு, ஆள் பதினொன்னு. ரன்வே வெக்கேட்டட்.”

எழில்மதி பைனாகுலரை எடுத்தாள். ஓடுபாதையைப் பார்த்துவிட்டு டிராக்டரைப் பார்த்தாள். தலைகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“எனக்கு பத்துதான் தெரியுது. இன்னொருத்தர் எங்க?”

விமானத்தைக் காத்திருக்கச் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து நின்றார். ரேடியோவில் கரகரப்பு. பிறகு கலையரசன்:

“புல்லுக்கட்டுக்கு அந்தாண்ட குந்தியிருக்காங்க மேடம்.”

“எழுந்து நிக்கச் சொல்லுங்க.”

டிராக்டரில் பச்சைக் குவியலுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாள் எழுந்தாள். இடுப்பில் ஒரு கை, மறுகையில் அரிவாள். டவரைப் பார்த்து அரிவாளை ஆட்டினாள்.

“பதினொன்னு,” என்று சொல்லிவிட்டு எழில்மதி சிவப்புப் பட்டையை எடுத்தாள்.